பச்சைக் குவிமாடத்தில் ஒரே ஒரு குறை

பாசத்தில் பெற்ற தாய்க்கும் கோபத்தில் காய்ந்த எண்ணெய்ச் சட்டிக்கும் சமமான என் அருமை அக்காவின் மேலான கவனத்துக்கு,

உன் ஒரே தம்பியும், அத்தானின் ஒரே தலைவலியும், உன் மகள் அணிலின் ஒரே தாய்மாமனுமாகிய நான், இந்தத் துறைமுக நகரத்து விடுதியின் மூன்றாம் மாடியில், ஆடுகிற மேசையின் ஒரு காலுக்கு என் இடது செருப்பை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும், செய்தித்தாளுக்குப் பின்னால் அத்தானும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு பேசாமல் இருக்கிற அணிலும் அப்படியே சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் ஒரு சத்தியம். உன் தலையில் அடித்துச் செய்யலாம் என்றால் திருப்பி அடிப்பாய். ஆகையால் என் தலையிலேயே அடித்துச் செய்கிறேன். கீழே வரப்போகும் வரலாற்றை உலகத்தில் ஒரு ஜீவன்கூட நம்பப் போவதில்லை. நீ நம்ப மாட்டாய். அத்தான் நம்ப மாட்டார், அவர் வானிலை அறிக்கையையே நம்பாதவர். தபால்காரர் உறையைத் தொட்டுப் பார்த்தே "ஆகாசப் புளுகு" என்று சொல்லிவிட்டுத்தான் உங்கள் வாசலில் போடுவார். நம்பாதீர்கள். ஆனால் கடைசி வரி வரை படியுங்கள். அந்தக் காலத்து ராஜாக்கள் தங்கள் பராக்கிரமத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். எனக்குக் கல் கட்டுப்படியாகவில்லை, காகிதம் கிடைத்தது.

நீ இட்ட கட்டளை எனக்கு மறக்கவில்லை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கப் படித்த நம் அணிலுக்கு இந்த ஊர்த் துறைமுக மாளிகையில் வேலை கிடைத்திருக்கிறது. மாளிகை என்றால் உள்ளே உட்காருகிற வேலையா? இல்லை. மாலுமிகள் நடுக்கடலிலிருந்து பார்த்து "கரை வந்தாச்சு" என்று மூச்சு விடுகிறார்களே, அந்தப் பச்சைக் குவிமாடத்தின் மேல் ஏறி நின்று தகடு மாற்றுகிற வேலை. நீ "கூடாது" என்றாய். அவள் "போவேன்" என்றாள். அத்தான் செய்தித்தாளை விரித்து அதற்குள் குடிபோனார். இரண்டு பேரும் சோறு தண்ணீர் இல்லாமல் முறைத்துக்கொண்டிருந்து, கடைசியில் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்தான்: மாமா போய்ப் பார்க்கட்டும், மாமா எழுதுவதே தீர்ப்பு. ஏனென்றால் நம் குடும்பத்தில் உயரத்தில் நின்று சம்பாதித்தவன் நான் ஒருவன்தான். கல்யாண வரவேற்புக்கும் பொருட்காட்சிக்கும் முகப்புப் போட்டே என் ஆயுசு போனது. மரச்சட்டம், பிளைவுட், துணி, தெர்மாகோல். சாயங்காலம் அரண்மனை, விடிந்தால் லாரி. அப்படிப்பட்ட நிபுணனை நீதிபதியாக உட்கார வைத்துவிட்டு, ரயில் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த நீதிபதியின் காதில் நீ ஓதியது என்ன?

"டேய், அங்க போய் வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத. ஒரு குறை. ஒரே ஒரு குறை கண்டுபிடிச்சு எழுது. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"குறையே இல்லேன்னா?"

"நீ போட்ட முகப்புல என்னிக்காவது குறை இல்லாம இருந்திருக்கா? அப்புறம் அந்த ஊர்ல மட்டும் எப்படிடா இல்லாமப் போயிடும்?"

நியாயமான கேள்வி. அந்த நிமிஷமே நான் சபதம் எடுத்துவிட்டேன். குறை கையில் இல்லாமல் இந்த ஊரை விட்டுக் கிளம்புவதில்லை. கல்லில் நார் உரித்தாவது, காற்றில் முடிச்சுப் போட்டாவது, ஒரு குறையோடுதான் உன் முகத்தில் விழிப்பேன்.

ரயிலடியிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு பாலத்தைக் கடந்து போகவேண்டும். எங்கேயும் பாலம் என்றால் படுத்தே கிடக்கும். இந்த ஊர்ப் பாலத்துக்கு மரியாதை தெரியும். பெரிய கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் எழுந்து நின்று வழிவிடுகிறது. நான் நடுப்பாலத்தில் நின்று மாளிகையின் குவிமாடத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நீ சொன்னபடி வாயைத் திறக்காமல்தான் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கப்பல் ஊதியது. மணி அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை, பாலத்தைப் பார்த்தவனுக்குத்தானே ஓட வேண்டும் என்று தெரியும்! பாலம் எழுந்தது. நானும் எழுந்தேன். கையிலிருந்த பெட்டி ஒரு பாதியில், நான் மறு பாதியில். கப்பல் எங்கள் இருவருக்கும் நடுவே அண்ணன் தம்பி சண்டையை விலக்கிவிடுகிற பெரியவர் மாதிரி நிதானமாகப் போனது. பாலத்தின் உச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கிய நான், கப்பல் தலைவரிடம் "சாமி, கொஞ்சம் சீக்கிரம்" என்றேன். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். பாலம் கீழே இறங்கியபோது சறுக்குமரத்தில் வருகிறவன் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து மாளிகையின் முதல் படிக்கட்டில் உட்கார்ந்தேன். வண்டிச் செலவு மிச்சம். ஆனாலும் எழுதிக்கொள்: குறை ஒன்று, இந்த ஊரில் பாலத்தை நம்ப முடியாது.

இனி மாளிகை. அக்கா, நான் எத்தனையோ ஊர்களின் எத்தனையோ மாளிகைகளைப் படத்தைப் பார்த்துத் துணியில் தைத்திருக்கிறேன். இதைத் தைக்க வேண்டுமானால் நம் மாவட்டத்துத் துணி முழுவதும் வேண்டும், மக்கள் அத்தனை பேரும் ஒரு வாரம் போர்வைக்குள் இருக்க நேரிடும். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை புகைமூட்டமாகத் தெரிகிறது. அங்கே மழை பெய்கிறது, இங்கே வெயில் அடிக்கிறது. வரிசை வரிசையாக வளைவுகள், வளைவுக்கு வளைவு தூண்கள், தூண் தலையில் கல்லிலேயே இலை, இலையிலேயே நரம்பு, நரம்பிலேயே ஒரு புழு கடித்த ஓட்டை. அந்த ஓட்டையை எந்தக் கொத்தன் செய்தானோ, அவன் வீட்டில் அவனை என்ன சொல்லித் திட்டினார்களோ! நான் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். நம் தொழிலில் தூண் என்றால் தட்டினால் "டொம் டொம்" என்று உள்ளே வெறுமையாகக் கேட்கவேண்டும். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் விரல் முட்டி வீங்கியது. ஒரு தூணை மட்டும் கோபத்தில் பலமாகக் குத்தினேன். உள்ளேயிருந்து யாரோ "உள்ள வாங்க" என்றார்கள். அது தூண் இல்லை, கதவு. அதற்கும் கல் வர்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். குறை இரண்டு.

முன்பக்கம் ஏமாற்றினால் பின்பக்கம் மாட்டும் என்பது தொழில் ரகசியம். எந்த முகப்பின் யோக்கியதையும் பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை சட்டம் முட்டுக்கொடுத்திருக்கிறான், எத்தனை கயிறு கட்டியிருக்கிறான், எங்கே செங்கல்லை வைத்துச் சமாளித்திருக்கிறான் என்பதெல்லாம் அங்கேதான். ஆகவே நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்தும் நிமிர்ந்தும் தேடினேன். காவலாளி ஒருவர் ஓடிவந்தார்.

"ஐயா, என்ன தேடுறீங்க?"

"முட்டு."

"என்ன முட்டு?"

"முன்னாடி இவ்வளவு பெரிய முகப்பு நிக்குதே, பின்னாடி முட்டு எங்க குடுத்திருக்கீங்க?"

"பின்னாடியும் கட்டடம்தான்யா."

"அது தெரியுது. கட்டடத்துக்குப் பின்னாடி?"

"கடல்."

"கடலையா முட்டாக் குடுத்திருக்கீங்க? தினமும் ரெண்டு வேளை பின்வாங்குதே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அதுவரை அவருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. நான் அவரை விடவில்லை.

"சரி, எப்பப் பிரிப்பீங்க?"

"எதை?"

"இதைத்தான். விடிஞ்சாப் பிரிச்சாகணுமே?"

"ஐயா, இது கட்டி நூறு வருஷத்துக்கு மேல ஆகுது."

"அடப் பாவமே! பிரிக்க ஆளே கிடைக்கலையா?"

அன்றிலிருந்து அந்தக் காவலாளி என்னைக் கண்டால் தொப்பியைச் சரிசெய்வது போலப் பாவனை செய்துகொண்டு வேறு பக்கம் போகிறார். குறை மூன்று, ஊழியர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் முறையாகச் சீட்டு வாங்கிக்கொண்டு, சுற்றிக்காட்டுகிற ஒரு வழிகாட்டியின் பின்னால் பத்துப் பதினைந்து பேரோடு உள்ளே போனேன். ஒல்லியான மனிதர், குடையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார். குறுக்கே கேள்வி கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். நான் நான்கு தடவை கேட்டேன். அந்த மாளிகை நான்கு தடவை கட்டப்பட்டது. அதன் அடிக்கல் நான்கு தடவை நாட்டப்பட்டது. கூட வந்த ஓர் அம்மாள் "இவரை யாராவது கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்று அழாத குறையாகக் கேட்டார்.

"குவிமாடம் ஏன் பச்சையா இருக்கு? மலிவா கிடைச்ச பெயின்ட்டா?" என்றேன்.

"பெயின்ட் இல்லீங்க. செம்புத் தகடு. கடல் காத்துப் பட்டுப் பட்டுப் பச்சையாயிடுச்சு."

"எங்க வீட்லயும்தான் செம்புப் பாத்திரம் இருக்கு. பச்சையானா எங்க அக்கா தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடும். இதைத் தேய்க்க ஒருத்தரும் இல்லையா?"

"தேய்க்கக் கூடாதுங்க. அந்தப் பச்சைதான் தகட்டைக் காப்பாத்துது."

கேட்டாயா? அழுக்கே காவல் என்கிறார்கள். இந்த வார்த்தை மட்டும் நம் வீட்டுப் பெண் காதில் விழுந்தால், அப்புறம் உன் சமையலறையில் ஒரு பாத்திரம் தேய்க்கமாட்டாள். கேட்டால் கட்டடக் கலை என்பாள். குறை நான்கு. இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனி.

மணிக்கூண்டுக்கு நான்கு முகம், நான்கிலும் நான்கு நேரம். கேட்டால் கடல் பக்கத்து முள்ளைக் காற்று தள்ளுகிறதாம், வெயில் பக்கத்து முள் நீளுகிறதாம். இதனால் இந்த ஊரில் யாருமே வேலைக்குத் தாமதமாக வருவதில்லை. வரும்போது ஒரு பக்கமும் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பக்கமும் பார்த்துக்கொள்கிறார்கள். குவிமாடத்துக்கு நேர் கீழே உள்ள வட்டக் கூடம் இன்னும் மோசம். இந்தப் பக்கச் சுவரில் வாயை வைத்து மெல்லச் சொன்னால் வட்டத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவர் காதில் தெளிவாக விழுமாம். நான் சோதித்தேன். "எங்க அக்கா கொஞ்சம் கோபக்காரி" என்று சுவரோடு சுவராகச் சொன்னேன். அது வட்டம் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தபோது "மகா கோபக்காரி" என்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றுதானே மனிதன் கல்லில் கட்டடம் கட்டுகிறான்? கல்லே பக்கத்து வீட்டுக்காரி வேலை பார்த்தால் என்ன செய்வது! குறை ஐந்து.

ஆனால் அக்கா, இவையெல்லாம் சில்லறைக் குறைகள் என்பது எனக்கே தெரியும். அணில் இவற்றைப் படித்துவிட்டு இடது கையால் தூக்கிப் போட்டுவிடுவாள். உனக்கு வேண்டியது குவிமாடத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் சாரத்திலே ஒரு குறை. ஆள் நிற்கிற பலகையிலே, பிடிக்கிற கம்பியிலே, கட்டுகிற கயிற்றிலே ஒரு குறை. அதை எடுத்துக்கொண்டு வராவிட்டால் நான் உனக்குத் தம்பியும் இல்லை, என் பெயர் முகப்புக்காரனும் இல்லை என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரத்தின் அடிவாரத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தது ஒரு குரல். குரலுக்குப் பிறகுதான் ஆள் தெரிந்தாள். குள்ளமான, கனத்த உடம்பு. வெயிலில் வெளுத்த தலைக்கவசம். இடுப்பில் பட்டையான பெல்ட், அதில் கட்டைவிரல் பருமனில் இரும்புக் கொக்கி. சாரத்தில் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். அதைப் பார்ப்பதுதான் இவளுடைய உத்தியோகம். எல்லாரும் "கொக்கியக்கா" என்கிறார்கள், பயந்துகொண்டே சொல்கிறார்கள்.

"யாரு நீங்க?"

"அம்மா, நான் முகப்புக்காரன். முப்பது வருஷமா—"

"கொக்கி எங்க?"

"எனக்கெதுக்கும்மா கொக்கி? நான் ஏணியிலயே பொறந்தவன்."

"ஏணியிலயே போயும் சேரணுமா? எறங்குங்க."

"நான் இன்னும் ஏறவே இல்லையே."

"ஏறலாம்னு நெனச்சீங்க இல்ல? அந்த நெனப்புல இருந்து எறங்குங்க."

அந்த நேரத்தில் இந்தப் பழுதுபார்ப்பு வேலைக்கே தலைமையானவர் வந்தார். கோட்டு, பளபளக்கும் செருப்பு, கையில் சுருட்டிய வரைபடம். யாரையும் பார்க்காமல் நேரே ஏறத் தொடங்கினார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். கொக்கியக்கா விடவில்லை.

"சார், கொக்கி."

"ஒரு நிமிஷம்தான்மா. பாத்துட்டு வந்துடறேன்."

"விழறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது சார். மாட்டுங்க."

"ஏம்மா, உனக்கு வேலை குடுத்ததே நான்தான், தெரியுமில்ல?"

"குடுத்தீங்க சார், நல்லா இருங்க. ஆனா உங்க வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்ற வேலையை மட்டும் எனக்குக் குடுக்காதீங்க. மாட்டுங்க, இல்லேன்னா எறங்குங்க."

சாரம் முழுவதும் சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. அந்த மனிதர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். பிறகு வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, பெல்ட்டைக் கட்டி, கொக்கியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி ஏறினார். குறை ஆறு: மேலதிகாரி என்ற மரியாதை இங்கே சுத்தமாகக் கிடையாது.

அதற்காக நான் பின்வாங்கினேனா? நம் வம்சத்தில் அது உண்டா? கொக்கியக்கா தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம் பார்த்துப் பாய்ந்தேன். பலகை பலகையாகத் தாவினேன். பாதி உயரத்தில் புறாக்கள் மூச்சு வாங்கி நின்றுவிட்டன. முக்கால் உயரத்தில் மேகம் குறுக்கே வந்தது, கையால் விலக்கிக்கொண்டு போனேன். குவிமாடத்தின் உச்சியில் கால் வைத்த மாத்திரத்தில், இந்த ஊர்க் காற்று இருக்கிறதே, அது என் தோள் துண்டைப் பிடுங்கிக் கொடிமரத்தில் மாட்டியது. சிவப்புத் துண்டு. அதைத் துறைமுகத்தார் ஏற்றிய ஆபத்துக் கொடி என்று நினைத்துக் கப்பல்கள் மளமளவென்று திரும்பின. ஒன்று வந்த நாட்டுக்கே திரும்பிப் போயிற்று. ஒன்று பதற்றத்தில் மீன் சந்தைக்குள் புகுந்து நின்றது, விலை கேட்டார்களாம். இன்னொன்று இன்றுவரை முடிவெடுக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, இதோ ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

துண்டைப் பிடிக்க எட்டினேன், வழுக்கினேன். தோசைக்கல் மேல் விழுந்த வெண்ணெய் மாதிரி அந்தப் பச்சை முதுகில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, விளிம்புக்கு வந்து, விளிம்பையும் தாண்டி, ஒரு கல் சிங்கத்தின் வாயில் போய் உட்கார்ந்தேன். சிங்கம் வாயை மூடவில்லை. அது அதன் பெருந்தன்மை. அங்கே உட்கார்ந்துகொண்டே பழுதுபார்க்கிறவர்களைப் பார்த்தேன். ஒரு தகடு பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் எட்டவில்லை. "சுத்தியலைக் கொண்டா" என்றேன். ஒரே அடி. ஒரே ஆணி. அந்தக் குவிமாடம் இன்றைக்குக் கடலில் உருண்டு போகாமல் அங்கே நிற்பதற்குக் காரணம் உன் தம்பி அடித்த அந்த ஆணிதான். ஊரே திரண்டு கைதட்டியது. நகரத்தின் சாவியை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். "பூட்டு எங்கே?" என்று கேட்டேன். தேடப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அது குறை ஏழு.

ஆக, உன் கட்டளைப்படி அலைந்து, வழுக்கி, தொங்கி, சிங்கத்தின் வாய்க்குள் போய் வந்து நான் தருகிற தீர்ப்பு இது. எழுந்து நிற்கும் பாலம், கதவென்று தெரியாத தூண், முட்டில்லாத முதுகு, தேய்க்காத செம்பு, ஆளுக்கொரு நேரம் சொல்லும் கடிகாரம், கோள் மூட்டும் சுவர், முதலாளியையே விரட்டுகிற பெண்பிள்ளை. இப்படிப்பட்ட ஊருக்கு நம் குலக்கொழுந்தை அனுப்பலாமா? கூடாது! கூடவே கூடாது! அவளை வீட்டிலேயே வைத்துக்கொள். உயரம் ஏற ஆசைப்பட்டால் பரணில் ஏறிப் பழைய பாத்திரம் எடுத்துத் தரட்டும். வேலை கொடுத்தவர்களுக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும் என்று அணில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "வரவில்லை" என்று எழுதிப் போடச் சொல்.

அத்தானுக்கு என் நமஸ்காரம்; செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கும் என் அன்பைச் சொல்லவும். அணிலுக்கு மாமனின் ஆசீர்வாதம், தலையில் ஒரு குட்டோடு. உனக்கு, வயதில் மூத்தவள் என்பதால், இருந்த இடத்திலிருந்தே கும்பிடு. நீங்கள் எல்லாரும் பல்லும் கோபமும் விழாமல் பல்லாண்டு வாழவேண்டும்.

இப்படிக்கு,
சொன்ன வாக்கைக் காப்பாற்றிய
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபால் பெட்டி வரை போனேன். பெட்டியின் வாயில் பாதி நுழைத்துவிட்டு, கை விடவில்லை. திரும்ப வந்து ஒட்டினதைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

பாலம் என்னைத் தூக்கவில்லை. எல்லாரையும் போல ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். துண்டு என் தோளில்தான் கிடக்கிறது. ஆணி, சாவி, சிங்கம் ஒன்றும் கிடையாது. குவிமாடத்தில் நான் ஏறவே இல்லை, அக்கா. சாரத்தின் முதல் பலகையில் கால் வைக்குமுன் அந்தப் பெண்பிள்ளை என்னை இறக்கிவிட்டாள் என்பதோடு என் வீரம் முடிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றுகொண்டு, கழுத்து ஒடிய மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டாக இல்லை. கொக்கி மாட்டாமல் ஒருவன், ஒரே ஒருவன் கண்ணில் பட்டால் போதும், "அனுப்பாதே" என்று மெய்யாகவே எழுதிவிடுவதென்று நின்றேன். உன்னிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை. அணில் அந்த உயரத்தில் நிற்பதை நினைத்தால் எனக்கும் பயம்தான். என்னோடு வேலை செய்தவர்கள் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து வெளிச்சம் போகிற வரை பார்த்தேன். மேலே ஏறினவர்கள், தகடு தூக்கினவர்கள், கீழே எதையோ மறந்துவிட்டு ஓடிவந்து ஓடிப்போனவர்கள், அத்தனை பேரும் மாட்டி, கழற்றி, மாட்டி, கழற்றித்தான் நகர்ந்தார்கள். ஒருவனாவது சோம்பேறியாக இருக்கக் கூடாதா!

வேலை முடிந்ததும் கொக்கியக்கா சாலையைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"என்ன, காலையில இருந்து இங்கயே நிக்கறீங்க?"

"ஒரு குறை கிடைக்குமான்னு பாக்கறேன்மா."

"கிடைச்சுதா?"

"இல்ல."

"கிடைச்சா மொதல்ல என்கிட்ட சொல்லுங்க."

அப்புறம்தான் அணில் விஷயத்தைச் சொன்னேன். உன் விஷயத்தையும் சொன்னேன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு, நான் கத்தினா அழுமா?"

"திருப்பிக் கத்தும். அவ அம்மா வளர்ப்பு அப்படி."

"அப்பச் சரி. அழுதா எனக்குக் கை ஓடாது. அந்த அம்மாகிட்ட மட்டும் பயப்படாதீங்கன்னு சொல்லாதீங்க. பயப்படட்டும். நானும் தினம் பயந்துக்கிட்டுத்தான் கீழ நிக்கறேன்."

அக்கா, மேலே உள்ள அத்தனையும் அண்டப் புளுகு. இந்தக் கொக்கிக்காரி மட்டும் நிஜம். அந்தக் கோட்டுப் போட்ட மனிதரை அவள் இறக்கியதும் நிஜம். பிள்ளையை அனுப்பிவை.